கடைசி இடத்துக்கு ஒரு சண்டை

கொரோனா வந்து எங்கள் வேதக்கோயில் சபையின் அசன விருந்தைப் பொட்டலச் சோறாக்கிவிட்டுப் போனது. போனது போனதுதான், பழையபடி திரும்பவில்லை. இப்போது கோயிலை ஒட்டிப் புதிதாகக் கட்டிய ஹாலில் பஃபே வைக்கிறார்கள். தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நகர்ந்து, நின்றபடியே தின்று, பேப்பரில் கையைத் துடைத்துப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்புகிறார்கள். இதையும் அசனம் என்றுதான் நோட்டீஸில் அச்சடிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருக்கப்பட்டவர், இல்லாதவர், மேனேஜர், மேஸ்திரி எல்லாரும் தரையில் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே அண்டாச் சோற்றைத் தின்பதற்குத்தான் அசனம் என்று பெயர். நின்றுகொண்டு தின்பதற்கு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டே போதும்.

நான் கடைசியாகப் பார்த்த தரைப்பந்தி, கொரோனாவுக்கு முந்தின வருஷம் மே மாதம் நடந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு முதலில் வரும், அழுகை பின்னாலேயே வந்துவிடும். அன்றைக்கு இலைக்காக அடித்துக்கொண்ட பிள்ளைகளுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. கோயில் வாசலில் என்னைப் பார்த்தால், "கிருபை டீச்சர், அந்த அசனம் ஞாபகம் இருக்கா?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். இருக்காதா பின்னே?

எங்கள் கோயில் ஒத்தக்கடையில் இருக்கிறது. வாசலில் நின்றால் யானைமலை முழுசாகத் தெரியும். அப்பா அந்தக் கோயிலில் போதகருக்கு உதவியாக, உபதேசியாராக இருந்து கடைசிவரை ஊழியம் செய்தவர். அசனத்தன்று ரச வாளியைத் தூக்கினார் என்றால் பந்தி முடிகிறவரை கீழே வைக்க மாட்டார். நானும் என் அண்ணன் சத்தியநாதனும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, "அப்பா, இங்கப்பா" என்று கத்துவோம். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். எங்கள் முறை வரும்போதுதான் வருவார், எல்லாருக்கும் ஊற்றின அதே அளவுதான் ஊற்றுவார். அண்ணன் தன் இலையில் விழுந்த நல்லி எலும்பை எடுத்து என் இலையில் போடுவான். கேட்டால் போட மாட்டான். கேட்காமல் இருந்தால் போடுவான். அம்புட்டு ரோஷக்காரன், அப்போதே.

அந்த ரோஷம்தான் பிற்பாடு எங்களுக்கு வினையாக வந்தது. அண்ணன் திருநகரில் வீடு கட்டிக்கொண்டு போனான், டைல்ஸ் வியாபாரத்தில் நன்றாக வந்தான். அப்பா இறந்த பிறகு, அவர் பேரில் அசனத்துக்கான அரிசி முழுவதையும் வருஷா வருஷம் அவனே கொடுத்து வந்தான். ஒரு வருஷம் யாரோ ஒரு புண்ணியவானுக்குப் புத்தி வந்து, பந்தலின் முன்னால் மேஜை நாற்காலி போட்டு, ஃபேன் வைத்து, பெரிய ஆட்களுக்கு என்று தனியாக ஒரு வரிசை செய்தார்கள். அண்ணன் நேராகப் போய் அதில் உட்கார்ந்தான். அரிசி கொடுத்தவனுக்கு இல்லாத இடமா என்று நினைத்திருப்பான். எங்கள் சபைச் செயலர் வேதமுத்து வந்து, வெளியூர் விருந்தாளிகளுக்குப் போட்ட நாற்காலி அது, கொஞ்சம் எழுந்து கீழே உட்காருங்கள் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மேஜை போட்டது தப்பு. எழுப்பினது அதைவிடத் தப்பு. ஆனால் அண்ணன் எழுந்து கீழே உட்காரவில்லை, நேராக வெளியே நடந்தான். இனி இந்தக் கோயிலில் கை நனைக்க மாட்டேன் என்று என்னிடம் சொன்னான்.

சொன்னதைக் காப்பாற்றினான். மறு வருஷமே சபையார் மேஜையை எடுத்துவிட்டார்கள், போதகர் அவன் வீடு தேடிப் போய்ப் பேசினார், அவன் மசியவில்லை. அரிசி மட்டும் தவறாமல் வரும். அசனத்தன்று மதினியையும் மகள் ஜெமிமாவையும் காரில் கொண்டுவந்து இறக்குவான். அவர்கள் சாப்பிட்டு வருகிறவரை, கோயில் மதிலோரம் வேப்பமர நிழலில் காரை நிறுத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பான். அப்பா பேரில் வடிக்கிற சோறு மணந்துகொண்டிருக்கும், அப்பாவின் மகன் மதிலுக்கு வெளியே பட்டினி கிடப்பான். ஒவ்வொரு வருஷமும் நான் போய்க் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடுவேன். "நீ போ, நான் வாரேன்" என்பான், வர மாட்டான். அந்த மனுஷன் அப்பாவின் கோயிலில் ஒரு வாய் சோறு தின்ன வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதற்காக நான் ஜெபம் பண்ணினேன், சண்டையும் போட்டேன். இரண்டும் பலிக்காமல் அந்த வருஷம், இனி கூப்பிடுவதில்லை என்று நானும் முறுக்கிக்கொண்டேன். ஒரே ரத்தம்தானே.

அந்த வருஷம் அசனத்துக்கு முந்தின பத்து நாளும் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். நடந்தது. மே லீவில் நடக்கிற வேதப்பள்ளி அது. பாட்டு, கதை, கைவேலை என்று கோயில் அதிரும். நான்தான் கதை சொல்கிற டீச்சர். ஜெமிமா லீவுக்கு என் வீட்டில் தங்கியிருந்ததால் அவளும் என் வகுப்பில் இருந்தாள். பெருமையையும் பொறாமையையும் விட்டுத் தாழ்மையாக நடப்பது எப்படி என்று அந்த வருஷம் பாடம் வந்திருந்தது. விருந்துக்குக் கூப்பிட்டால் முதல் இடத்தில் போய் உட்காராதே, கடைசி இடத்தில் உட்கார், கூப்பிட்டவர் வந்து உன்னை மேலே அழைப்பார் என்று இயேசு சொன்ன கதை அதில் இருந்தது. அந்தக் கதையைத் தாண்டிப் போய்விடலாமா என்று பார்த்தேன். எங்கள் பந்தலிலேயே நடந்த கதை அது. நடந்தது யாருக்கு என்று ஜெமிமாவுக்குத் தெரியாது. அப்பாவுக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாது என்று மதினி அவளிடம் சொல்லிவைத்திருந்தாள். கடைசியில், பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட நான் யார் என்று சொல்லியே விட்டேன்.

கதை முடிந்ததும், வகுப்பிலேயே சின்னவளான பியூலா கையைத் தூக்கினாள். எல்லாரும் கடைசி இடத்தில் உட்கார்ந்துவிட்டால் முதல் இடத்தில் யார் உட்காருவார்கள் என்று கேட்டாள். எல்லாரையும் எழுந்து நின்று பாட்டுப் பாடச் சொன்னேன்.

அத்தோடு போயிருக்கும். வேதமுத்து சும்மா இருந்தால்தானே? கடைசி நாள் ஒரு கப்போடு வந்து மைக்கைப் பிடித்தார். இந்த வருஷம் பாட்டுக்கும் மனப்பாட வசனத்துக்கும் கப் கொடுப்பது போலத் தாழ்மைக்கும் ஒரு கப் உண்டு, நாளைக்கு அசனத்தில் எந்தப் பிள்ளை தாழ்மையாக நடக்கிறதோ அதற்குத்தான் அது, நானே கூடவந்து பார்ப்பேன் என்று அறிவித்தார். நல்ல மனுஷன்தான், மனசில் ஒன்றும் கிடையாது. ஆனால் தாழ்மைக்குக் கப் கொடுக்கிறேன் என்று சொன்னவரை நான் உலகத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை. பிள்ளைகள் கைதட்டின தட்டில் கூரைப் புறாக்கள் எல்லாம் பறந்தன. ஜெமிமா கை தட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கப்பையே பார்த்தாள். முகத்தைப் பார்த்தால் அவள் அப்பனை உரித்து வைத்தது போல இருந்தது.

அசனத்தன்று ஆராதனை முடிந்தது. சமையல்காரர் பேயாண்டி அண்ணன் கறிக்குழம்பை இறக்கிவிட்டார். போதகர் ஜெபம் பண்ணினார். பந்தலில் பெரியவர்களுக்கு இரண்டு வரிசை, பிள்ளைகளுக்கு ஒரு வரிசை. பந்திப்பாயை விரித்து இலை போட்டிருந்தோம். வழக்கமாக, பிள்ளைகள் வரிசையில் முன் இடத்துக்குத்தான் தள்ளுமுள்ளு நடக்கும், அங்கேதான் கறி முதலில் வரும். அன்றைக்கு முன் இலைகள் எல்லாம் அனாதையாகக் கிடந்தன. மொத்தப் பிள்ளைகளும் பாயின் கடைசி முனையில் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன.

ஒருவன் கடைசி இலையில் உட்கார்ந்தால், இன்னொருத்தி அவனைத் தாண்டி வெறுந்தரையில் உட்கார்ந்து, "டீச்சர், இங்க எல போடுங்க" என்பாள். இலையைப் போட்டு நிமிர்வதற்குள், தாண்டப்பட்டவன் எழுந்து ஓடி அவளுக்கு அந்தப் பக்கம் உட்காருவான். வரிசை பந்தலைத் தாண்டியது. பக்கத்துக் கதவைத் தாண்டியது. மதிலை ஒட்டி ரோட்டோரமாக நீண்டது. நீ தாழ்மையா நான் தாழ்மையா என்று இடித்தது, கிள்ளியது, முடியைப் பிடித்தது எல்லாம் நடந்தது. வேதமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். பாத்திரம் வாடகைக்கு விடுகிற ஷேக் தாவூது பாய் அண்டாக்களோடு வந்திருந்தார். பிள்ளைகள் மண்ணில் உட்காருவதைப் பார்க்கப் பொறுக்காமல், தன் வண்டியில் கிடந்த பாய்களைக் கொண்டுவந்து விரித்துக்கொண்டே வந்தார். உங்க கோயில்ல இது என்ன வழக்கம் டீச்சர், புதுசா இருக்கே என்று கேட்டார்.

மதிலோரமாகவே போன வரிசை, வேப்பமரத்தடியில் நின்ற அண்ணனின் காரில் போய் முட்டியது. காருக்கு முன்னால் சாக்கடை. ரூபன் என்கிற பையன் காரின் பின்பக்கத்தில் உட்கார்ந்தான். பியூலா அவனைத் தாண்டிப் பின்கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜெமிமா அவளையும் தாண்டி, அண்ணன் உட்கார்ந்திருந்த முன்கதவை ஒட்டி உட்கார்ந்து இலையைப் போட்டுக்கொண்டாள். அதற்கு மேல் போனால் சாக்கடையில்தான் உட்கார வேண்டும். ஜெயித்துவிட்டாள். அந்த முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து, தாழ்மைப் பாடம் சொல்லிக்கொடுத்த நான் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டிருப்பேன். பருப்பு வாளி கையில் இருந்ததால் முடியவில்லை.

சத்தம் கேட்டு அண்ணன் கண்ணாடியை இறக்கினான். நான் அவனைப் பார்க்காதது போல நின்றேன். பியூலா என் சேலையைப் பிடித்து இழுத்து, ஜெமிமா தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துவிட்டாள் என்று அழுதாள். அப்போதுதான் ரூபன் நியாயம் பேசினான்.

"ரெண்டு பேரும் கடைசி இல்ல டீச்சர். அந்த அங்கிள்தான் கடைசி. நாம வர்றதுக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்காரு."

பியூலா அழுகையை நிறுத்திவிட்டுக் காருக்குள் எட்டிப் பார்த்தாள். அங்கிளுக்கு ஏன் இலை போடவில்லை என்று என்னைக் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெமிமா முந்திக்கொண்டாள்.

"எங்கப்பா எப்பவுமே அப்படித்தான். இம்புட்டு அரிசியும் எங்கப்பாதான் குடுக்குறாரு, ஆனா உள்ள வந்து உக்காரவே மாட்டாரு. வெளியிலயே இருந்துக்கிருவாரு. தாழ்மைன்னா எங்கப்பாதான்."

அந்தப் பிள்ளை இத்தனை வருஷமும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. மதினி சொன்ன கூட்டக் கதையை அது நம்பவே இல்லை. மதிலுக்கு வெளியே காரில் காத்திருக்கிற அப்பாவைப் பார்த்துப் பார்த்து, தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து, அதை மனசுக்குள் வைத்துக் கொண்டாடியிருக்கிறது.

ரூபன் வேதமுத்துவைக் கூப்பிட்டு, கப்பை அந்த அங்கிளுக்கே கொடுக்கச் சொன்னான். கப் இன்னொரு பிள்ளைக்குக் கிடைக்காமல் போனாலே போதும் போல, பிள்ளைகள் எல்லாம் மதில் நெடுகக் கைதட்டினார்கள். வேதமுத்து மூச்சு வாங்க வந்து நின்றார். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அவரைப் பார்த்தான். நாற்காலியை விட்டு எழுப்பினவரும் எழுந்துபோனவரும் அதற்குப் பிறகு அவ்வளவு பக்கத்தில் நின்றது அன்றைக்குத்தான்.

கண்ணாடி மெல்ல மேலே ஏறி மூடிக்கொண்டது. முடிந்தது, வண்டியை எடுக்கப்போகிறான், இனி அடுத்த வருஷம் அரிசியும் வராது என்று நினைத்தேன். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. எதற்கு இந்தக் கதையைச் சொன்னேன்?

இன்ஜின் சத்தம் நின்றது. இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தால் ஜெமிமாவின் இலையில் இடிக்கும். அண்ணன் அந்தப் பக்கமாக நகர்ந்து, சாக்கடை ஓரத்தில் இறங்கி, காரைச் சுற்றிக்கொண்டு வந்தான். வந்து ஜெமிமாவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவள் தலை நிமிர்ந்து, அப்பாவுக்குக் கிடைத்த கைதட்டலில் பூரித்துப்போய் இருந்தாள். பேசாமல் அவள் தலையைத் தடவிவிட்டு உள்ளே வந்து சாப்பிட்டிருக்கலாம். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அவன் அப்படிச் செய்யவில்லை.

"பாப்பா, அப்பா தாழ்மையில வெளிய இருக்கலம்மா. கோவத்துல இருந்தேன். பெரிய ஆளுங்க எடத்துல உக்காந்தவனை எந்திரிக்கச் சொல்லிட்டாங்கன்னு கோவம்."

ஜெமிமாவின் முகம் அப்படியே வாடிப்போனது. பக்கத்தில் பியூலா இருக்கிறாள், ரூபன் இருக்கிறான். எல்லாருக்கும் கேட்டது.

"இம்புட்டு வருஷமாவா?" என்றாள்.

"இம்புட்டு வருஷமாத்தான்."

வேதமுத்து முன்னால் வந்து, அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அண்ணே என்று ஆரம்பித்தார். அண்ணன் அவர் கையைப் பிடித்து, விடுங்க, பிள்ளைகளுக்குச் சோறு ஆறுது என்றான். பிறகு எழுந்து, செருப்பைக் கழற்றி மதிலோரமாக விட்டான். தனக்கு எங்கே இடம் இருக்கிறது என்று பியூலாவைக் கேட்டான். அவள் தன் இலையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாள். கடைசியில் இடம் கிடையாது என்று கறாராகச் சொன்னாள்.

"நடுவுலதான் நெறையா கெடக்கு. அங்க யாருமே வரல."

உண்மைதான். முதல் இடத்தை வேண்டாம் என்று விட்டு, கடைசி இடத்துக்கு அடித்துக்கொண்டு ஓடின ஓட்டத்தில், பந்தலுக்குள் நடுவில் போட்ட இலைகள் கேட்பாரற்றுக் கிடந்தன. எங்கள் சபையில் யாருமே அதற்குச் சண்டை போட்டதில்லை. அண்ணன் மதிலை ஒட்டி, பிள்ளைகள் வரிசை நெடுக நடந்து, பக்கத்துக் கதவு வழியாக உள்ளே போனான். பெரியவர்கள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். மதினி வாயில் சேலை முந்தானையை வைத்துக்கொண்டாள். அவன் யாரையும் பார்க்காமல் நடுவில் ஓர் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

நான் ஜெமிமாவைப் பார்த்தேன். அவள் குனிந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் இலையில் சொட்டியது. அவளுக்கு எது போனது என்று எனக்குத் தெரியும். போனது கப் இல்லை. சமாதானமாக என்னத்தைச் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவளே எழுந்துவிட்டாள். பிள்ளைகள் எல்லாரையும் தள்ளிப் பிடித்த அந்த இடத்தை விட்டு எழுந்தாள். பியூலா கண்மூடித் திறப்பதற்குள் அதில் போய் உட்கார்ந்து, நான்தான் கடைசி, நான்தான் கடைசி என்று கத்தினாள். ஜெமிமா திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா போன வழியிலேயே நடந்து போய், அவனுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, அவன் தொடையில் கையை வைத்துக்கொண்டாள்.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். எனக்குக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது, துடைக்கக் கை இல்லை. நேராக அண்ணன் இலைக்குத்தான் போனேன். சோற்று வாளிக்காரனையும் கூப்பிட்டேன். இத்தனை வருஷம் காத்த சோறு, இன்னும் ஒரு நிமிஷம் தாமதித்தால் எனக்கு உயிர் போய்விடும் போல இருந்தது. கரண்டியை நீட்டினேன். அண்ணன் இலைக்கு மேல் கையை விரித்துத் தடுத்தான்.

"வரிசையில வா தாயி. எங்களுக்கு முன்னாடி ஆளு இருக்கு."

நான் திரும்பிப் போய், பெரியவர்கள் வரிசையின் தலையில் இருந்து ஆரம்பித்தேன். பந்தி ரொம்ப நீளம். ஒவ்வொரு இலைக்காகக் குனிந்து ஊற்றிக்கொண்டு வந்தேன். இடையிடையே நிமிர்ந்து பார்த்தேன். என் அண்ணன் வெறும் இலைக்கு முன்னால், மகளோடு ஏதோ பேசிக்கொண்டு, தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.